1955, 2009, 2027: 18 ஆண்டுக் கிரகணக் கணக்கு திருகோணமலையில் எங்கே தவறுகிறது?

கோணமாமலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பப்பா பழைய பஞ்சாங்கங்களை எறியாமல் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அண்மையில் வீட்டைத் துப்புரவு செய்தபோது மன்மத வருடத்துப் பஞ்சாங்கம், அதாவது 1955இல் தொடங்கிய ஆண்டுக்குரியது, கைக்கு வந்தது. ஆனி மாதப் பக்கத்தின் ஓரத்தில் “பூரணம். பொலனறுவை. கோழிகள் கூடடைந்தன” என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். அந்நாளில் அவருக்குப் பொலனறுவையில் வேலை. 1955 ஜூன் 20ஆம் திகதி காலையில் இலங்கையைக் கடந்து சென்ற பூரண சூரிய கிரகணத்தை அங்கேயே நின்று பார்த்தவர்.

அந்தக் குறிப்புக்குக் கீழே, பிற்காலத்தில் எழுதியதாகத் தோன்றும் நீல மையில், 1973, 1991, 2009 என்ற ஆண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் “18 வருடம் 11 நாள்” என்ற குறிப்பு. இந்தக் கணக்கை அவர் எங்கே கற்றார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் 1991 ஜூலை 11ஆம் திகதி நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பத்து வயது. மண்ணெண்ணெய் விளக்கில் கரி பிடிக்க வைத்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. சூரியன் முழுசாகவே மறைந்தது. இரவு அவர் ஒருவரோடும் பேசவில்லை.

2009 வரை அவர் இருக்கவில்லை. அவ்வருடம் ஜூலை 22ஆம் திகதி அதிகாலையில் டச் குடாக் கடற்கரையில் நான் நின்றேன். சூரியன் கடலிலிருந்து எழும்போதே அதன் மேல் இடப்புறத்தில் ஒரு கடி விழுந்திருந்தது. அந்தக் கடி மெல்ல இடப்பக்கமாகவே கீழிறங்கி விலகிற்று. பூரணம் இல்லை, பகுதிதான், ஆனாலும் அப்பப்பா எழுதிய ஆண்டு சரியாக வந்துவிட்டது.

என் கேள்விகள் இவை. 18 ஆண்டுக் கணக்கு உண்மையென்றால் 1991இல் ஏன் ஏமாற்றியது? 1955இல் பூரணமாக வந்தது 2009இல் ஏன் பகுதியாக வந்தது? பகுதிக் கிரகணங்களுக்கென்று தனியான ஒரு சுழற்சி உண்டா?


கணக்கு வாத்தியார் எழுதியது:

உங்கள் அப்பப்பாவின் கணக்கில் பிழை இல்லை, தம்பி. 1991 ஜூலை 11இல் கிரகணம் நிகழ்ந்தது. ஹவாயிலும் மெக்சிக்கோவிலும் பட்டப்பகல் இருட்டாயிற்று, ஏறத்தாழ 6 நிமிடம் 53 செக்கன் அது நீடித்தது. அது உச்சத்தை அடைந்தபோது திருகோணமலையில் நள்ளிரவு தாண்டி அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் சாய்மனைக் கதிரையை விட்டு எழுந்து படுக்கப் போன பிறகுதான் கிரகணம் வந்தது. பூமியின் மறுபக்கத்தில் வந்தது, அவ்வளவுதான்.

காரணத்தை விளக்க மூன்று விதமான மாதங்களைச் சொல்ல வேண்டும். அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை 29.5306 நாள். நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளைத்தான் நாம் ராகு என்றும் கேது என்றும் அழைக்கிறோம். நிலவு ராகுவிடமிருந்து புறப்பட்டு மீண்டும் ராகுவை அடைய 27.2122 நாள் ஆகும். நிலவு பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மறுபடியும் மிக அருகே வர 27.5546 நாள். அமாவாசை மாதந்தோறும் வந்தாலும், அந்நேரம் சூரியனும் நிலவும் ராகுவுக்கோ கேதுவுக்கோ பக்கத்தில் இருந்தால்தான் கிரகணம் நிகழும்.

இனி ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். முதல் வகை மாதங்கள் 223 சேர்ந்தால் 6585.32 நாள். இரண்டாம் வகை 242 சேர்ந்தால் 6585.36 நாள். மூன்றாம் வகை 239 சேர்ந்தால் 6585.54 நாள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று கடிகாரங்கள் ஏறக்குறைய ஒரே கணத்தில் மணியடிப்பது போன்ற நிகழ்வு இது. 6585 நாளுக்குப் பிறகு அதே அமாவாசை, அதே ராகு, பூமியிலிருந்து அதே தூரத்தில் நிலவு. எனவே அதே போன்ற கிரகணம். இதற்குத்தான் சாரோஸ் சுழற்சி என்று பெயர். ஆண்டுக் கணக்கில் 18 வருடம் 11 நாள். இடையில் ஐந்து நெட்டாண்டுகள் வந்தால் 10 நாள்.

இப்போது அந்த 0.32ஐக் கவனியுங்கள். அது ஏறத்தாழ எட்டு மணித்தியாலம். அந்த எட்டு மணித்தியாலத்துக்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடும். ஆகவே 18 ஆண்டு கழித்து வரும் கிரகணம் மேற்கே மூன்றில் ஒரு உலகம் தள்ளி விழுகிறது. 1955இல் இலங்கை, 1973இல் ஆபிரிக்கா, 1991இல் பசிபிக் கடலும் மெக்சிக்கோவும், 2009இல் மறுபடி நம்முடைய பக்கம். மூன்று சாரோஸ், அதாவது 54 ஆண்டும் ஒரு மாதமும் சென்றால்தான் ஏறத்தாழ அதே தேசத்துக்குத் திரும்புகிறது. உங்கள் அப்பப்பா மூன்று ஆண்டுகளையும் எழுதிவைத்தது மிகச் சரி. நடுவில் உள்ள இரண்டையும் முற்றத்தில் தேடியதுதான் தவறு.


கோணமாமலை எழுதியது:

நன்றி ஐயா. அவர் இருந்திருந்தால் இதைப் படித்துக் காட்டியிருப்பேன்.


பஞ்சாங்கப்பிரியன் எழுதியது:

இதில் வியக்க ஒன்றுமில்லை. ராகு இராசிச் சக்கரத்தைச் சுற்றிவர ஏறத்தாழ 18 வருடம் என்பதும், ராகு திசை 18 வருடம் என்பதும் நம்மவர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்தவை. சாரோஸ் என்று கிரேக்கப் பெயர் வைத்துச் சொல்வது ராகுவின் சுற்றுத்தான்.


கணக்கு வாத்தியார் எழுதியது:

மன்னிக்க வேண்டும், இந்த இடத்தில் நான் உடன்பட முடியாது. மூன்று வெவ்வேறு 18கள் இங்கே ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. ராகு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 18.6 ஆண்டு, அதாவது 18 வருடமும் ஏழு மாதமும். சாரோஸ் 18 வருடமும் 11 நாளும். ஏழு மாத வித்தியாசத்தில் ஒரு கிரகணத்தைத் தேடினால் கிடைக்காது. சாரோஸ் முடியும்போது ராகு பழைய இராசிக்குத் திரும்பியிருப்பதில்லை. சூரியனுக்கும் ராகுவுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் பழையபடி ஆகியிருக்கும். சூரியன் ராகுவைச் சந்தித்து மீண்டும் சந்திக்க 346.62 நாள் செல்கிறது. அத்தகைய சந்திப்புகள் 19 சேர்ந்தால் 6585.78 நாள். கிரகணத்துக்கு வேண்டியது இந்தச் சந்திப்பேயன்றி ராகு எந்த இராசியில் இருக்கிறது என்பதல்ல. ராகு திசையின் 18 வருடமோ சோதிடப் பங்கீடு, அதற்கும் வானத்துக் கணக்குக்கும் தொடர்பில்லை.

ஆனால் “சாரோஸ்” என்ற பெயரைப் பற்றி நீங்கள் முகம் சுளிப்பது ஒருவகையில் நியாயமானது. இந்தச் சுழற்சியைக் கண்டறிந்தவர்கள் பாபிலோனியர்கள், ஆனால் அவர்கள் இதற்கு அந்தப் பெயரை வைக்கவில்லை. பழைய அகராதி ஒன்றில் இருந்த சொல்லைப் பிழையாகப் பொருள்கொண்டு 1691இல் எட்மண்ட் ஹாலி வைத்த பெயர் அது. வால்வெள்ளிக்குத் தம் பெயரைக் கொடுத்த அதே ஹாலிதான். பிழையான பெயர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது.


நிலாவெளி ஆசிரியை எழுதியது:

நான் பார்த்த ஒன்றைச் சொல்லிவிட்டு என் ஐயத்தைக் கேட்கிறேன். 2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், தை அமாவாசை. விரதம் என்பதால் சமையல் பிந்தியிருந்தது. பகல் ஒன்றரை மணியளவில் வெளிச்சம் ஒரு விதமாக மங்கியது. மேகம் மறைத்த மங்கல் போலில்லை. நிழல்கள் கூர்மையாகவே இருந்தன, வெயிலுக்கு மட்டும் பலம் இல்லை. கழுவி வெயிலில் காயவைத்திருந்த இடியப்பத் தட்டு ஒன்றை எடுத்து முற்றத்துச் சீமெந்துத் தரைக்கு மேலே முழ உயரத்தில் பிடித்தேன். தட்டின் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பிறை, தரை முழுவதும் நூற்றுக்கணக்கான பிறைகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. நேரம் செல்லச் செல்ல அவற்றின் கொம்புகள் நீண்டு, ஏறத்தாழ ஒன்றையொன்று தொடும் அளவுக்கு வந்தன. என் மகள் அவற்றின்மேல் கையை வைத்தாள். பிறைகள் அவளது புறங்கையில் ஏறிக்கொண்டன.

அன்று யாழ்ப்பாணத்தில் முழு வளையம் தெரிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அப்படியானால் அது கங்கண கிரகணமா, பகுதிக் கிரகணமா? பாடத்தில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?


கணக்கு வாத்தியார் எழுதியது:

அம்மா, இந்த இழையில் கேட்கப்பட்டவற்றுள் முக்கியமான கேள்வி இதுவே. பகுதிக் கிரகணம் என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம், குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

நிலவின் நிழலுக்கு நடுவே கருநிழல், சுற்றிலும் பல ஆயிரம் கிலோமீற்றர் அகலத்துக்குப் பரவிய அரைநிழல். கருநிழலோ அதன் நீட்சியோ பூமியில் விழும் ஒடுங்கிய பாதையில் நிற்பவர்களுக்குப் பூரணம் அல்லது கங்கணம், பாதைக்கு வெளியே அரைநிழலில் நிற்பவர்களுக்குப் பகுதி. 2009இலும் நம்முடைய ஊர் இப்படித்தான் ஒரு பெரிய கிரகணத்தின் விளிம்பில் நின்றது. இது முதற் பொருள். வானியல் அட்டவணைகளில் அவை பூரணம், கங்கணம் என்றே பதியப்படும். திருகோணமலையில் தெரிந்த கடியின் அளவு அங்கே வகையைத் தீர்மானிப்பதில்லை.

இரண்டாம் பொருள் வேறு. சில கிரகணங்களில் கருநிழல் பூமியைத் தொடுவதே இல்லை. வடதுருவத்துக்கு மேலாகவோ தென்துருவத்துக்குக் கீழாகவோ வெறும் வெளியில் கடந்துவிடுகிறது. அரைநிழல் மட்டும் பூமியின் ஓரத்தில் உரசும். உலகில் எந்த மூலையில் நின்று பார்த்தாலும் அது பகுதிதான். வானியல் கணிப்பாளர்களான எஸ்பெனாக், மியூஸ் இருவரும் கி.மு. 2000 முதல் கி.பி. 3000 வரையான ஐயாயிரம் ஆண்டுகளுக்குக் கணித்த 11,898 சூரிய கிரகணங்களில் 4,200 இவ்வகையைச் சேர்ந்தவை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். ஆனால் அவை துருவங்களை ஒட்டியே விழுவதால், எட்டரைப் பாகை வட அகலாங்கில் இருக்கும் நமக்கு மிக அரிதாகவே எட்டும். நாம் இங்கே பார்க்கும் பகுதிக் கிரகணங்களில் பெரும்பாலானவை முதற் பொருளில் பகுதி, அட்டவணையில் வேறு. பிள்ளைகளுக்கு “யாழ்ப்பாணத்தில் கங்கணம், அதே கிரகணம் நம் வீட்டு முற்றத்தில் பிறை” என்று சொல்லிக் கொடுங்கள். பெயர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பது அதிலேயே விளங்கிவிடும்.

இந்த விளக்கத்தோடு கோணமாமலையின் மூன்றாவது கேள்விக்கும் விடை வருகிறது. பகுதிக் கிரகணங்களுக்குத் தனியான சுழற்சி இல்லை, அதே சாரோஸ்தான். ஆனால் ஒவ்வொரு சாரோஸ் தொடரும் பகுதிக் கிரகணமாகப் பிறந்து பகுதிக் கிரகணமாகவே முடிகிறது.

அது எப்படி என்றால், மேலே 6585.32, 6585.36 என்று இரண்டு எண்களைச் சொன்னேன் அல்லவா, அவை முற்றிலும் சமம் இல்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் சூரியன் ராகுவிலிருந்து ஏறத்தாழ அரைப் பாகை விலகிவிடுகிறது. கிரகணம் நிகழக்கூடிய எல்லை ராகுவுக்கு இருபுறமும் ஏறத்தாழ 18 பாகை, மொத்தம் 36. அதை அரை அரைப் பாகையாகக் கடக்க எழுபது சொச்சம் தடவை வேண்டும். ஆகையால் ஒரு தொடரில் எழுபதுக்குக் கிட்டிய எண்ணிக்கையில் கிரகணங்கள், ஆயுள் பன்னிரண்டு பதின்மூன்று நூற்றாண்டுகள். முதலில் ஒரு துருவத்தில் சிறு உரசல். பிறகு ஒவ்வொரு 18 ஆண்டுக்கும் நிழல் சற்றே உள்ளே நகரும். நடுவே பூரணமாகவோ கங்கணமாகவோ பல நூற்றாண்டுகள். கடைசியில் மறு துருவத்தில் சிறு உரசல்களாகத் தேய்ந்து தொடர் முடியும்.

1955ஆம் ஆண்டின் கிரகணம் 136ஆம் சாரோஸ் தொடரைச் சேர்ந்தது. அத்தொடர் 1360 ஜூன் 14இல் ஒரு சிறு பகுதிக் கிரகணமாகத் தொடங்கியது. 71ஆவதாகிய கடைசிக் கிரகணம் 2622 ஜூலை 30இல் மறுபடி பகுதியாகவே நிகழும். இந்த எழுபத்தொன்றில் மிக நீண்ட பூரணம் எது தெரியுமா? 1955 ஜூன் 20. ஏறத்தாழ 7 நிமிடம் 8 செக்கன், அந்த உச்சம் பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடலில். இலங்கையில் அதைவிடக் குறைவு. உங்கள் அப்பப்பா பார்த்தது 1,262 ஆண்டுத் தொடரின் சிகரத்தை.


தம்பலகாமம் எழுதியது:

1955ஐப் பற்றிச் சிறு குறிப்பு. கிரகண வேளையில் வசம்பு அரைத்துக் குடித்தால் அழகு கூடும் என்ற வதந்தி பரவி, அதை நம்பிக் குடித்த பெண்கள் பலர் வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தது. பெரியம்மா ஒருவர் தானும் அரைத்து வைத்ததாகவும் மாமியார் பறித்து ஊற்றிவிட்டதாகவும் சொல்லுவார். மாமியாரை அவர் பாராட்டியது அந்த ஒரு விடயத்துக்காக மட்டுமே.

கேள்விக்கு வருகிறேன். பிறந்து தேய்ந்து முடியும் தொடர் என்று சொன்னீர்கள். நம் ஆயுளுக்குள் ஒரு தொடர் தேய்வதைப் பார்க்க முடியுமா?


கணக்கு வாத்தியார் எழுதியது:

பார்த்துவிட்டீர்கள், ஆனால் கவனித்திருக்க மாட்டீர்கள். 2022இல் தீபாவளிக்கு மறுநாள், ஒக்டோபர் 25, மாலையில் சூரியன் மறையும் தறுவாயில் இலங்கையில் மிகச் சிறிய ஒரு பகுதிக் கிரகணம் தெரிந்தது. அது 124ஆம் தொடரைச் சேர்ந்தது, 1049இல் தொடங்கியது. அத்தொடரில் 1968 செப்டெம்பர் 22இல் சோவியத் ஒன்றியத்தின் மேல் பூரணம் நிகழ்ந்தது. அதற்கு அடுத்தது 1986 ஒக்டோபர் 3, பூரணமா கங்கணமா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு ஒரு கணத்துக்கும் குறைவாக வட அத்திலாந்திக்கில் மின்னி மறைந்த கலப்புக் கிரகணம். அடுத்தது 2004 ஒக்டோபர் 14, அதில் கருநிழல் பூமியைத் தவறவிட்டது. 2022லும் அவ்வாறே. இனி 2347 வரை அத்தொடரில் எல்லாமே பகுதிதான், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறிது. அசல் பகுதிக் கிரகணம் ஒன்று நம்முடைய அகலாங்கை எட்டியதே அபூர்வம். அதை நானும் தவறவிட்டேன், ஐப்பசி மாரி.

பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். 2011 ஜூலை 1இல் 156ஆம் தொடரின் முதற் கிரகணம் நிகழ்ந்தது. அந்தாட்டிக்காவுக்கு அப்பால் ஆளற்ற தென்கடலில், சூரியனின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது மறைக்கவில்லை. அடுத்தது 2029 ஜூலை 11.

பகுதிக் கிரகணங்களில் சாரோஸ் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்பதற்கு 2000ஆம் ஆண்டை எடுத்துப் பாருங்கள். அவ்வருடம் நிகழ்ந்த நான்கு சூரிய கிரகணங்களும் பகுதியே: பெப்ரவரி 5, ஜூலை 1, ஜூலை 31, டிசம்பர் 25. ஒவ்வொன்றோடும் 18 ஆண்டும் 11 நாளும் எட்டு மணித்தியாலமும் (பெப்ரவரிக்கு ஐந்து நெட்டாண்டு, ஆகவே 10 நாள்) கூட்டினால் 2018 பெப்ரவரி 15, ஜூலை 13, ஓகஸ்ட் 11, 2019 ஜனவரி 6. நான்கும் நிகழ்ந்தன, நான்கும் பகுதி. இவற்றில் ஒன்றைக்கூட நாம் இங்கிருந்து பார்க்கவில்லை என்பதால் ஊரில் எவரும் பேசவில்லை, அவ்வளவே.

இன்னொரு சுழற்சியும் உண்டு. 358 அமாவாசைகள் கூடினால் 29 ஆண்டுக்கு 20 நாள் குறைவு. இனெக்ஸ் என்று அதற்குப் பெயர். அதே 2000ஆம் ஆண்டின் நான்கையும் இந்தக் கணக்கில் நகர்த்தினால் 2029 ஜனவரி 14, ஜூன் 12, ஜூலை 11, டிசம்பர் 5 ஆகிய நான்கு பகுதிக் கிரகணங்கள் கிடைக்கும். ஆனால் இங்கே ராகுவுக்குப் பதில் கேது வந்துவிடும். ஆகவே தென்துருவத்தில் விழுந்தது வடக்கே விழும். 2000 பெப்ரவரியில் அந்தாட்டிக்காவில் தெரிந்ததன் இணை 2029 ஜனவரியில் வட அமெரிக்காவில் தெரியும். சாரோஸ் அளவுக்கு இது சாயல் மாறாமல் திரும்புவதில்லை, நிலவின் தூரம் மாறிப்போகும்.


மூதூர்த் துறை எழுதியது:

54 ஆண்டுக் கணக்கு பிழைக்காது என்று எடுத்துக்கொள்ளலாமா? 2019 டிசம்பர் 26 கிரகணத்தை வைத்துக் கேட்கிறேன். அன்று ஆழிப்பேரலையின் பதினைந்தாம் ஆண்டு. ஒன்பது இருபத்தைந்துக்கு இரண்டு நிமிட மௌனம் தொடங்கியபோது கரையில் நின்றிருந்தோம். வாடைக்காலத்து மேகம் வானத்தை மூடியிருந்தது. மேகத்துக்குப் பின்னால் கிரகணம் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மௌனம் முடிந்தபிறகு மேகம் ஒரு தரம் மெலிந்தது. மெல்லிய வெள்ளைத் துணிக்குப் பின்னால் அரிவாள் வைத்தது போல ஒரு வளைவு. சில செக்கன்கள்தான். பிறகு மழை.


கணக்கு வாத்தியார் எழுதியது:

பிழைக்காது என்று சொல்ல மாட்டேன். 2019ஆம் ஆண்டினது 132ஆம் தொடர். அதற்கு 54 ஆண்டும் 33 நாளும் முந்திய கிரகணம் 1965 நவம்பர் 23. அதன் கங்கணப் பாதை ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வட இந்தியா, நேபாளம் வழியாகச் சென்றது. 2019இன் பாதை கேரளம், தமிழ்நாடு, நம் வடபகுதி. அதே தேசப்பரப்பு, ஆனால் ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேல் தெற்கே. 136ஆம் தொடரில் இதற்கு நேர்மாறு. 1955இல் இலங்கை, 2009இல் குஜராத், பீகார், சீனா. 2063 ஓகஸ்ட் 24இல் மொங்கோலியாவும் ஜப்பானும். பாதை வடக்கே ஏறிக்கொண்டே போகிறது. 1955இல் பூரணமாக இருந்தது 2009இல் நமக்கு ஏன் பகுதியாயிற்று என்ற கேள்விக்கு இதுதான் விடை. நாம் நகரவில்லை, பாதை நகர்ந்துவிட்டது.

இருந்தாலும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1955இல் இரண்டாவது கிரகணம் ஒன்றும் இருந்தது. டிசம்பர் 14இல் இந்தியப் பெருங்கடலின் மேல் 12 நிமிடம் 9 செக்கன் நீடித்த கங்கணம். ஆசிரியை அம்மாவின் இடியப்பத் தட்டில் விழுந்த 2010 ஜனவரி 15 கிரகணம் அதன் மூன்றாம் சுற்று, 11 நிமிடம் 8 செக்கன். ஆக, 1955இன் இரண்டு கிரகணங்களும், ஆறு மாத இடைவெளியைக்கூட மாற்றாமல், 54 ஆண்டு கழித்து இந்தப் பக்கமே ஜோடியாக வந்து போயின.


பஞ்சாங்கப்பிரியன் எழுதியது:

ராகுவின் சுற்றைப் பற்றி நான் சொன்னது பிழை, திருத்திக்கொள்கிறேன். ஆனால் 54 ஆண்டுச் சுழற்சி நம் முன்னோருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? ஸ்பரிசம் (தொடக்கம்), மத்தியமம் (நடு), மோட்சம் (முடிவு) என்று நாழிகை விநாழிகையோடு பஞ்சாங்கத்தில் போட்டவர்கள் அவர்கள்.


கணக்கு வாத்தியார் எழுதியது:

என் கருத்து இது: அவர்களுக்குச் சாரோஸ் தேவைப்படவில்லை. சாரோஸ், பட்டியல் வைத்துக்கொண்டு “இது முன்பு வந்தது, மறுபடி வரும்” என்று சொல்லும் முறை. நம் பஞ்சாங்கக்காரர்கள் சூரியன், சந்திரன், ராகு மூன்றின் இடத்தையும் குறித்த அமாவாசைக்கு நேரடியாகவே கணித்தார்கள். 1825இல் ஜோன் வாரன் என்பவர் தமது நூலில் எழுதிய ஒரு சம்பவம் உண்டு. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், மனப்பாடமாக வைத்திருந்த, எண்களைச் சொற்களில் பொதிந்த வாக்கியங்களைக்கொண்டு, தரையில் சோழிகளைப் பரப்பி நகர்த்தி, அவ்வருடத்துச் சந்திர கிரகணம் ஒன்றை அவர் முன்னாலேயே கணித்துக் காட்டினார். தாளும் இல்லை, எழுத்தும் இல்லை. தொடக்கம் 4 நிமிட வித்தியாசத்தில் வந்தது. முடிவு 52 நிமிடம் பிழைத்தது. பிழையையும் சேர்த்துச் சொல்வதுதான் அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். அத்தனையும் நினைவிலிருந்து வந்தது.

சாரோஸை இயந்திரமாகவே செய்துவைத்தவர்கள் கிரேக்கர்கள். 1901இல் அந்திகீத்தரா என்ற தீவுக்கருகே மூழ்கிய கப்பலொன்றிலிருந்து எடுத்த வெண்கலப் பொறியில் 223 பிரிவுகள் கொண்ட சுருள் முகப்பு ஒன்று இருக்கிறது. அதற்குள்ளே மூன்று பிரிவுகள் கொண்ட சிறு முகப்பு, ஒன்றில் 8, இன்னொன்றில் 16, மூன்றாவது வெறுமை. எத்தனை மணித்தியாலம் கூட்ட வேண்டும் என்பதற்கான குறி அது. கோணமாமலையின் அப்பப்பாவுக்கு வேண்டியிருந்தது அந்தச் சிறு முகப்புத்தான்.


கோணமாமலை எழுதியது:

சிரித்துவிட்டேன், ஐயா. அப்படியானால் நீல மைப் பட்டியலில் அடுத்து எழுத வேண்டியது 2027 ஓகஸ்ட் 2. கணக்குப்படி அது மேற்கே தள்ளி விழ வேண்டும். நமக்குத் தெரியாது என்று முடிவு செய்துவிடலாமா?


கணக்கு வாத்தியார் எழுதியது:

அவசரப்பட வேண்டாம். பூரணப் பாதை அத்திலாந்திக் கடலில் தொடங்கி, தென் ஸ்பெயின், வட ஆபிரிக்கா, எகிப்து, அரேபியா, சோமாலியா வழியாக இந்தியப் பெருங்கடலில் முடிகிறது. எகிப்தின் லக்சோர் பக்கத்தில் 6 நிமிடத்துக்கு மேல். 2009இல் பாதை தொடங்கும் முனைக்கு அருகே நாம் இருந்தோம், ஆகவே சூரிய உதயத்தில் பார்த்தோம். 2027இல் பாதை முடியும் முனைக்கு அருகே இருப்போம், ஆகவே மாலையில், சூரியன் மேற்கே தாழ்ந்திருக்கும்போது, பகுதிக் கிரகணம் தெரியும். ஒரே தொடரின் அடுத்தடுத்த இரண்டு கிரகணங்களை ஒரே ஊரில், ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் பார்ப்பது நமக்கு வாய்த்திருக்கிறது. அதன்பின் 2031 மே 21இல் வேறொரு தொடரின் கங்கணம் தமிழ்நாட்டின் தென்பகுதிக்கும் நம் வடமுனைக்கும் மேலாக வரும்.

ஒரு வேண்டுகோள். கரி பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே படம், மஞ்சள் கரைத்த தண்ணீர் எதுவும் வேண்டாம். மங்கலாகத் தெரிவதால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் உள்ளே போகும், விழித்திரைக்கு வலியும் தெரியாது. ஐ.எஸ்.ஓ 12312-2 என்று குறிப்பிட்ட கிரகணக் கண்ணாடி அல்லது 14ஆம் இலக்க வெல்டிங் கண்ணாடி. இரண்டும் கிடைக்காதவர்களுக்கு இடியப்பத் தட்டு இருக்கிறது.


நிலாவெளி ஆசிரியை எழுதியது:

எங்கள் பக்கத்தில் கிழக்கே கடல், மேற்கே மரமும் மேடும். 2009க்குப் பொருத்தமான கரை 2027க்குப் பொருந்தாதே. கோணேசர் கோயில் மலையிலிருந்து தெரியுமா?


மூதூர்த் துறை எழுதியது:

கோயிலிலிருந்து மேற்கே பார்த்தால் கோட்டையும் நகரும் துறைமுகத்துக்கு அப்பால் மலைகளும்தான். ஓகஸ்ட் தொடக்கத்தில் சூரியன் நேர் மேற்கில் அல்ல, சற்று வடக்கே ஒதுங்கி மறையும். எங்கள் இறங்குதுறையில் நின்றால் அந்தத் திசையில் கொட்டியாரக் குடாவின் தண்ணீர், அதற்கு அப்பால் கிண்ணியாக் கரை தாழ்வாக ஒரு கோடு. நேற்று மாலை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கச்சான் காற்றுக் காலத்தில் கடல்பக்கத்து வானம் பெரும்பாலும் துப்புரவாக இருக்கும், உள்நாட்டுப் பக்கம் பின்னேரத்தில் திரளும் முகில் ஒன்றுதான் பயம். பிள்ளைகளை அழைத்து வாருங்கள் ஆசிரியை அக்கா, தட்டையும் கொண்டு வாருங்கள். ஆனால் வெயில் சரிந்து விழுவதால் அதைத் தரைக்கு மேலே பிடித்தால் சரிவராது. துறைக்குப் பக்கத்தில் வெள்ளை அடித்த மதில் ஒன்று இருக்கிறது.


கோணமாமலை எழுதியது:

பஞ்சாங்கத்தின் அந்தப் பக்கத்தையும் கொண்டு வருகிறேன். 2009க்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.